லெட்சுமியும் லட்சுமியும் ஒருவர்தானா? – வாசகர் கேள்வி பதில்

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர்

முதலில் ஒரு வேண்டுகோள். கேள்வியோடு ஆதார் நகல், பான் நகல் எல்லாம் இணைத்து அனுப்புகிறீர்கள். வேண்டாம். மனு வாங்கும் நாற்காலியை விட்டு எழுந்து வருஷங்களாகின்றன. வந்த நகல்களைக் கிழித்துப் போட்டாயிற்று. இனி இங்கே ஊர் பெயர் மட்டும்தான் அச்சாகும்.

மன்னார்குடி வாசகர்: அப்பா காலமாகிவிட்டார். அவருடைய வங்கிக் கணக்கில் நாமினி பெயர் 'லெட்சுமி'. அம்மாவின் ஆதாரில் 'லட்சுமி', ரேஷன் கார்டில் 'இலட்சுமி'. இன்ஷியலும் ஒன்றில் தாத்தாவுடையது, இன்னொன்றில் அப்பாவுடையது. வேறு ஆள் என்று சொல்லி வங்கியில் பணம் தர மறுக்கிறார்கள்.

உங்கள் அம்மா மாதிரி ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். ஆதார் வந்த புதிதில் பள்ளிக்கூடங்களில் முகாம் போட்டு, நீண்ட வரிசையை வைத்துக்கொண்டு பையன்கள் அவசர அவசரமாகத் தட்டினார்கள். ஆங்கிலத்தில் அடித்தால் தமிழை இயந்திரமே போட்டுக்கொள்ளும். பிறந்த தேதி தெரியாதவர்களில் பலருக்கு ஜனவரி 1 என்று விழுந்தது. அப்புறம் கல்யாணத்துக்கு முன் அப்பா இன்ஷியல், பின் கணவர் இன்ஷியல் என்பது நம் வழக்கம். அந்த வழக்கம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

இப்போதைக்கு, மூன்று பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கணவர் பெயர் உள்ள ரேஷன் கார்டையும் சேர்த்துக் கொடுங்கள். பெரும்பாலும் இது போதும். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பாதி மேலாளர்கள் இறங்கி வருவார்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனில் புகார் செய்யலாம், செலவில்லை.

வாரிசுச் சான்றிதழுக்கு இன்னும் மனுப்போடவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். அதில் ஆதாரைப் பார்த்துத்தான் பெயர் எழுதுவார்கள். நான்காவதாக ஒரு லட்சுமி முளைத்துவிடக் கூடாது. பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அதை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு இணங்கத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் மாற்ற முடியும். அவசரப்பட்டு அதை வீணாக்காதீர்கள். வயதுக்கு ஆதார் முடிவான சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றமே 2024 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்கு அது. பள்ளி விடுப்புச் சான்றிதழில் இருந்த தேதியைத்தான் ஏற்றார்கள்.

பல்லடம் வாசகி: ஜெராக்ஸ் கடைக்காரர், 'ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க அக்கா' என்கிறார். அனுப்பலாமா?

அனுப்பினால் அது அவர் கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரில், உங்களுக்கு முன் வந்த நாற்பது பேருடைய கார்டுகளோடு கிடக்கும். பிரிண்ட் ஆனதும் உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், பல இடங்களில் அதுவே போதும். நகல் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், எதற்காக, யாருக்கு, என்றைக்கு என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

பழுதான நகலையும் கேட்டு வாங்கி வாருங்கள். ஒருமுறை பேருந்து நிலையத்தில் கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் யாரோ ஒரு பெண்மணியின் கடன் விண்ணப்பம். போட்டோ, கணக்கு எண், செல் நம்பர், மாத வருமானம் எல்லாம் எண்ணெய்க் கறையோடு இருந்தது. ஹேக்கர் ஹேக்கர் என்று பயப்படுகிறோமே, இதற்கு எந்த ஹேக்கர் தேவை?

ஆத்தூர் வாசகர்: துணிக்கடையில் போன் நம்பர் சொன்னால்தான் பில் என்கிறார்கள்.

சொல்லத் தேவையில்லை. வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைக்காரர்களுக்கு அறிவுறுத்திவிட்டது.

உசிலம்பட்டி வாசகர்: எங்கள் ஊராட்சியில் வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 'தனிநபர் தகவல், தர இயலாது' என்று ஒரு வரியில் பதில் வந்திருக்கிறது.

இந்தப் பதில் இனி அடிக்கடி வரும். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது நம்மைக் காப்பாற்ற. வழக்குப் போட்ட புட்டசாமி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. அதன் தொடர்ச்சியாக 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டமே தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்திவிட்டது. முன்பு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுகிற தனிநபர் தகவலைத்தான் மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்றால் அதையும் தரலாம். இப்போது 'தனிநபர் தகவல்' என்றாலே மறுக்கலாம்.

இந்தத் திருத்தம் 2025 நவம்பரில் உடனடியாக அமலுக்கு வந்துவிட்டது. அதே சட்டம் தருகிற, நம் விவரங்களைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கிற உரிமைக்கோ பதினெட்டு மாதக் காத்திருப்பு. மன்னார்குடிக்காரரும் இதைக் கவனிக்க. கதவை மூடுவதற்கு மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பு!

ஆனாலும் வழி இருக்கிறது. மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிற 4(1)(பி) பிரிவு அப்படியே இருக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்கிற 8(2) பிரிவும் இருக்கிறது. பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள், இந்த இரண்டு பிரிவையும் எண்ணோடு குறிப்பிட்டு. ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கோ வேண்டாம், பெயர், ஒதுக்கிய தொகை, வீட்டின் நிலை மட்டும் போதும் என்று ஒரு வரி சேருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம். தபால் ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.