கர்ப்பமாக இருக்கும்போது புற்றுநோய் வலிக்கு மாத்திரை போடலாமா?

உங்கள் மனைவிக்கு ஆறாம் மாதம், மார்பகப் புற்றுநோய் எலும்புக்கும் பரவியிருக்கிறது, குழந்தைக்கு ஆகாது என்று வலி மாத்திரையைத் தொட மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். போடலாம். எது, எவ்வளவு என்பதைப் புற்றுநோய் டாக்டரும் பிரசவ டாக்டரும் கலந்து பேசிச் சொல்லட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது மட்டும் வேண்டாம்.

பாலக்கோட்டில் என் தங்கைக்கும் இதே நிலைதான். இடுப்பெலும்பில் வலி. தர்மபுரி பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிடுவாள். கொடுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்து மீதியைப் பாய்க்கு அடியில் ஒளித்து வைப்பாள். ‘நீ தாங்கிக்கிட்டா புள்ளைக்கு நல்லது’ என்று வீட்டில் பெரியவர்கள் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அது மட்டும் நல்லதா?

முதலில் கொடுப்பது பாரசிட்டமால். அது போதாதபோது அபின் வகையைச் சேர்ந்த மார்பின் என்ற வலி மருந்து. இந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் வீடே பயந்துபோனது. உண்மையில் பயப்பட வேண்டியது, மெடிக்கலில் ‘உடம்பு வலி’ என்றதும் எடுத்துத் தரும் டைக்ளோபினாக், ஐபுரூபன் வகைகளுக்குத்தான். 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மூன்று மாதத்தில், பிறந்த பிறகு மூட வேண்டிய இதய ரத்தக்குழாய் ஒன்று வயிற்றிலேயே சுருங்கி மூடிக்கொள்ளவும் கூடும். டாக்டரைக் கேட்காமல் ஒன்றுகூட வாங்காதீர்கள்.

மார்பினிலும் கவனம் வேண்டும். மலச்சிக்கல் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான மருந்தையும் முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். பல வாரம் எடுத்திருந்தால், பிறந்த குழந்தைக்கு நடுக்கம், விடாத அழுகை, பால் குடிக்கச் சிரமம் எல்லாம் சில நாட்களுக்கு இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஆனால் தாய் மார்பின் எடுப்பது பிரசவம் பார்ப்பவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியாகவும் இருக்க வேண்டும். பயந்துபோய் நடுவில் சட்டென்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. பிரசவ வலி முன்கூட்டியே வந்துவிடலாம்.

நாங்கள் ஒரு நோட்டில் மாத்திரை போட்ட நேரம், பத்துக்கு எத்தனை வலி, குழந்தை எப்படி அசைகிறது என்று எழுதி வைத்தோம். டாக்டர் அளவை மாற்றியது அதைப் பார்த்துத்தான். அளவு சரியானதும் அவள் ராத்திரி முழுக்கத் தூங்கினாள், காலையில் களி கேட்டுச் சாப்பிட்டாள்.

மார்பின் எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது, அனுமதி பெற்ற ஆஸ்பத்திரிகளில்தான் கிடைக்கும். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி அந்த அனுமதி முறையை எளிதாக்கினார்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். ஓசூர் பக்கம் என்றால் பெங்களூரு கிட்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி கிட்டம். அலைய முடியாத நிலை வந்தால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். 2021இல் அதை நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

அப்புறம், முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை தீரும் வரைக்கும் விடாமல், நாலைந்து நாளுக்கு இருக்கும்போதே அடுத்த சீட்டு வாங்கக் கிளம்பிவிடுங்கள்.