'தி' போடவா, விடவா?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தின் எ, ஆன், தி பற்றியவை. அதனால் சினிமாக் கேள்வி கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். எங்கள் கைடில் 'தி' போட வேண்டிய இடங்கள் என்று இரண்டு பக்கத்துக்கு விதிகள் இருக்கின்றன. மனப்பாடம் செய்தும் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. தமிழில் இல்லாத ஒன்றை எப்படிப் பழகுவது?
– வாசகி, தேனி

முதலில் அந்தக் கைடை எடைக்குப் போட்டுவிடுங்கள். தமிழில் இல்லை என்று யாரம்மா சொன்னது? தனிச் சொல்லாக இல்லை, அவ்வளவுதான். அந்த வேலையைப் பெரும்பாலும் நம் இரண்டாம் வேற்றுமை உருபு 'ஐ' பார்த்துக்கொள்கிறது.

'பேனா வாங்கினேன்' என்று தோழியிடம் சொல்லுங்கள். 'சரி' என்று கேட்டுக்கொள்வாள். 'பேனாவை வாங்கினேன்' என்று சொல்லுங்கள். எந்தப் பேனா என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 'எந்தப் பேனாவை?' என்று கேட்பாள். முதலாவது 'எ பென்', இரண்டாவது 'தி பென்'. 'பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள்' என்றால் இனிமேல்தான் பெண் அமைய வேண்டும். 'பெண்ணைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்' என்றால் குறிப்பிட்ட ஒரு பெண் இருக்கிறாள். இந்த வித்தியாசம் உங்கள் பாட்டிக்கும் தெரியும். அவர் எந்தக் கைடும் படித்ததில்லை.

ஏற்கெனவே சொன்ன பொருளை இரண்டாம் தடவை சொல்லும்போது 'தி' வரும் என்று கைடு சொல்லும். அது பாதி உண்மை. வீட்டில் 'கதவைச் சாத்து' என்கிறோம். 'கதவு சாத்து' என்று எந்தத் தாயும் பிள்ளையைப் பார்த்துக் கத்தியதில்லை. அதற்கு முன்னால் கதவைப் பற்றிப் பேச்சே எழுந்திருக்காது. ஆனாலும் எந்தக் கதவு என்று இருவருக்கும் தெரியும். ஆங்கிலத்திலும் அது 'ஷட் தி டோர்'தான். பொருள் முன்பே பேச்சில் வந்ததா என்று பார்க்காதீர்கள், கேட்பவருக்கு அது எது என்று தெரியுமா என்று பாருங்கள்.

'ஐ' இல்லாத இடத்திலெல்லாம் 'எ' போட்டுவிடவும் கூடாது. எண்ண முடிகிற பொருளுக்குத்தான் 'எ'. 'தண்ணீர் கொடு' என்பது 'கிவ் மீ வாட்டர்', முன்னால் ஒன்றும் வராது. 'பாட்டிலில் இருக்கிற தண்ணீரைக் கொடு' என்றால் 'தி வாட்டர்'.

இந்த வழி கைவிடும் இடங்களும் உண்டு. 'பெண் பார்க்க' போன்ற வழக்குகளை விட்டால், ஆட்களைச் சொல்லும்போது நாம் எப்படியும் 'ஐ' சேர்த்துவிடுவோம். 'ஒரு டாக்டரைப் பார்த்தேன்' என்பது 'எ டாக்டர்'தான். எழுவாய்க்கு 'ஐ' வராது. 'நாய் குரைக்கிறது' என்று எழுத வேண்டுமானால், எந்த நாய் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நம் பிள்ளைகள் அதிகம் மார்க்கை விடுவது வேறோர் இடத்தில். 'அப்பா விவசாயி' என்பதில் 'ஒரு' கிடையாது, அதனால் 'மை ஃபாதர் இஸ் ஃபார்மர்' என்று எழுதிவிடுகிறார்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் விடைத்தாள் கட்டைப் பிரித்தால் முதல் நாலு தாளில் இது வந்துவிடும். ஒருவரின் தொழிலைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு 'எ' அல்லது 'ஆன்' போடுங்கள்.

ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்துக்கு முன்னால் 'ஆன்' என்று சொல்லிக் கொடுத்தேன். மகன் 'ஆன் யூனிவர்சிட்டி' என்று எழுதினான். டீச்சர் தப்பு போட்டிருக்கிறார். யார் சரி?
– வாசகர், வேலூர்

டீச்சர்தான். கண்ணை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். எழுத்து எதுவாக இருந்தாலும் வாயில் முதலில் வரும் ஒலிதான் கணக்கு.

இதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. அந்தச் சொல்லை உச்சரிக்கிறபடி தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் உயிரெழுத்து வந்தால் 'ஆன்', இல்லையென்றால் 'எ'. யூனிவர்சிட்டி, யூனிஃபார்ம், யூரோப்பியன் எல்லாம் யகரத்தில் தொடங்குகின்றன, அதனால் 'எ'. ஒரு மணி நேரம் என்பதற்கு 'எச்' என்ற எழுத்தில் தொடங்கும் சொல்லை 'அவர்' என்றுதான் உச்சரிக்க வேண்டும், அதனால் 'ஆன் அவர்'. இதேபோல 'ஆன் எம்எல்ஏ', 'ஆன் எஃப்ஐஆர்', 'ஆன் எஸ்எம்எஸ்'. ஆனால் 'எ யுபிஎஸ்சி எக்ஸாம்'. தமிழில் ஓர் ஊர், ஒரு யானை என்று எழுதுகிறோமே, அங்கேயும் இதே கணக்குதான். ஒரே ஒரு சொல்லில் உஷாராக இருங்கள். ஒன்றைக் குறிக்கும் சொல்லை நாம் 'ஒன்' என்று எழுதினாலும் வெள்ளைக்காரர் வாயில் அது 'வன்'. எனவே 'எ ஒன் ருப்பி காயின்' என்பதே சரி.

'தி' என்று சொல்வதா, 'த' என்று சொல்வதா?
– வாசகர், காரைக்குடி

இரண்டும். மேலே சொன்ன அதே கணக்கு: த புக், தி ஆப்பிள், த யூனிவர்சிட்டி, தி அவர்.

'எ'வுக்கு ஏன் 'ஆன்' என்று இன்னொரு வடிவம்? ஒன்றே போதாதா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், நாகர்கோவில்

கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும் ஐயா. மூத்தது 'ஆன்'தான். பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்ற எண்ணைக் குறித்த சொல் அது. மெய்யொலிக்கு முன்னால் னகரம் தேய்ந்து 'எ' ஆனது. அந்த னகரம் சும்மா போகவில்லை, பக்கத்துச் சொற்களிலும் கை வைத்தது. நீங்கள் கிரிக்கெட் ரசிகர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இது. அம்பயர் முதலில் 'நம்பயர்' போல ஒலித்த சொல். பிரெஞ்சிலிருந்து வந்தது, ஜோடி சேராத மூன்றாம் ஆள் என்று அர்த்தம். 'எ நம்பயர்' என்று சொல்லிச் சொல்லி 'ஆன் அம்பயர்' ஆகிவிட்டார். ஏப்ரனும் முன்பு நேப்ரன்தான். நிக்நேம் என்பதில் கதை தலைகீழ்: 'ஆன் எக்நேம்' என்பதிலிருந்து னகரம் தாவி ஒட்டிக்கொண்டது. ஆரஞ்சையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அது வேறு. நம் நாரத்தைக்குச் சொந்தமான அந்தச் சொல், ஆங்கிலத்துக்கு வருமுன்பே முதலில் இருந்த 'ந' ஒலியைத் தொலைத்துவிட்டது.

நர்ஸ் வேலைக்கு லண்டன் போகிறேன். 'இன் ஹாஸ்பிடல்' என்பதா, 'இன் தி ஹாஸ்பிடல்' என்பதா?
– வாசகி, மார்த்தாண்டம்

பிரிட்டனில் நோயாளி படுத்திருந்தால் 'ஹீ இஸ் இன் ஹாஸ்பிடல்', 'தி' கிடையாது. அவரைப் பார்க்கப் போன மாமாவும், அங்கே வேலை பார்க்கும் நீங்களும் 'அட் தி ஹாஸ்பிடல்'. அமெரிக்கர்கள் நோயாளிக்கும் 'தி' போட்டுவிடுவார்கள். ஸ்கூல், ப்ரிஸன் இரண்டுக்கும் அந்த பிரிட்டன் கணக்குதான். படிக்கப் போகும் பிள்ளை 'டு ஸ்கூல்', ஃபீஸ் கட்டப் போகும் அப்பா 'டு தி ஸ்கூல்'. ஜெயிலைப் பற்றி உதாரணம் வேண்டாம், நல்ல காரியமாகக் கிளம்புகிறீர்கள்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். ஊர், ஆறு, மலைப் பெயர்களுக்கு 'தி' வருமா?
– வாசகர், அரியலூர்

ஆறு, கடல், மலைத்தொடருக்கு வரும்: தி காவேரி, தி பே ஆஃப் பெங்கால், தி நீலகிரிஸ். தனிச் சிகரத்துக்கு வராது: மவுண்ட் எவரெஸ்ட். ஊர்ப் பெயருக்குப் பொதுவாக வராது. நாடுகளில் பன்மையாக இருப்பவற்றுக்கு வரும்: தி மால்டீவ்ஸ், தி பிலிப்பைன்ஸ். இலங்கைக்கு வேண்டாம். உக்ரைனுக்கு முன்பு 'தி' போட்டார்கள். 1991-இல் தனி நாடான பிறகு எடுத்துவிட்டார்கள். அதைப் போட்டால் இன்னொரு நாட்டின் ஒரு பகுதி போல ஒலிக்கிறது என்பது அவர்கள் வருத்தம். நியாயமான வருத்தம்.

புரிந்தால் போதாதா? ஒரு 'எ'யை விட்டால் என்ன குடிமுழுகிவிடும்?
– வாசகர், திருப்பூர்

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது தம்பி. 'பிவேர் ஆஃப் டாக்' என்று பலகை மாட்டிய வீட்டு நாய் இலக்கணம் பார்த்துக் கடிப்பதில்லை. பலகையிலும் செய்தித் தலைப்பிலும் இடத்துக்காக வேண்டுமென்றே விடுகிறார்கள்.

ஆனால் 1969 ஜூலை 20 அன்று நிலாவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங், 'ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன்' என்று சொன்னதாகத்தான் உலகத்துக்குக் கேட்டது. 'எ மேன்' என்றால் ஒரு மனிதன். வெறும் 'மேன்' என்றால் மனித குலம். அடுத்த பாதி 'மனித குலத்துக்குப் பெரும் பாய்ச்சல்'. ஆக, மனித குலத்துக்குச் சின்ன அடி, மனித குலத்துக்கே பெரும் பாய்ச்சல் என்று ஆகிவிட்டது. 'எ' சொல்லத்தான் நினைத்தேன் என்றார் அவர். ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு இன்னமும் வாதாடுகிறார்கள்.

நீங்கள் நிலாவுக்குப் போகாவிட்டாலும் ஆபீஸ் மெயில் எழுதுவீர்கள். 'எ ஃப்யூ பையர்ஸ்' என்றால் துணி வாங்க சிலர் இருக்கிறார்கள். 'ஃப்யூ பையர்ஸ்' என்றால் வாங்க ஆளே இல்லாத மாதிரி. அந்த 'எ'யை விட்டுவிட்டு மெயிலைத் தட்டினால் முதலாளி அடுத்த ஆர்டரை நிறுத்திவிடுவார்.