ஸ்டுடியோ கேள்வி–பதில்: எஸ்டிஐ முதல் ஐபி வரை

கேள்வி: எஸ்டிஐ, அதாவது ஸ்டுடியோவில் டிஜிட்டல் படத்தைக் கேபிளில் அனுப்பும் முறையில், நொடிக்கு 270 மெகாபிட், 1.485 ஜிகாபிட், 2.97, 11.88… இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன?
— ஒளிபரப்புப் பொறியியல் மாணவி, கோவை

பதில்: எல்லாமே பெருக்கல் கணக்கில் வந்தவைதான். 1982-இல் சர்வதேச வானொலி ஆலோசனைக் குழுவான சிசிஐஆரின் 601 பரிந்துரை, படத்தின் ஒளிர்வுக்கு 13.5 மெகாஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தை, அதாவது நொடிக்கு 1.35 கோடி அளவெடுப்பை, வைத்தது. 625 வரி முறையில் வரிக்கு 864 மாதிரி, 525 வரி முறையில் 858. இரண்டிலும் பின்னமில்லாமல் பொருந்துகிற வேகம் அது. இரண்டு நிற வேறுபாட்டு சிக்னல்களுக்கு 6.75 வீதம் கூட்டினால் நொடிக்கு 27 மில்லியன் மாதிரி. ஒன்றுக்கு 10 பிட் என்றால் 270 மெகாபிட். இதுதான் எஸ்டி, அதாவது பழைய சாதாரணத் தரப் படம். இதை ஒரே கோஆக்சியல் கேபிளில் அனுப்ப வழி செய்தது 1989-இல் வந்த எஸ்எம்பிடிஇ (திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம்) 259 தரம்.

எச்டிக்கும் அதே வழிதான். 1080ஐ50-இல் (ஒரு ஃபிரேமை இரண்டு பாதியாக்கி நொடிக்கு 50 பாதி அனுப்புவது) வரிக்கு 2640 மாதிரி, 1125 வரி, நொடிக்கு 25 ஃபிரேம், ஒளிர்வும் நிறமும் சேர்ந்து 20 பிட். பெருக்கிப் பாருங்கள், 1.485 ஜிகாபிட் வரும் (எஸ்எம்பிடிஇ 292 தரம், 1998). திரையில் தெரிவது 1920×1080 மட்டும். மிச்ச இடத்தில் 16 சேனல் ஆடியோவும் ஃபிரேமின் நேர எண்ணான டைம்கோடும் போகின்றன. 1080பி50-க்கு (நொடிக்கு 50 முழு ஃபிரேம்) இரட்டிப்பு, 2.97; இதுவே 3ஜி (424, 2006). 2160பி50-க்கு, அதாவது 4கே படத்துக்கு, அதைப்போல் நான்கு மடங்கு, 11.88; இதுவே 12ஜி (2082, 2015). இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கேபிள் எங்கே தோற்கும் என்பதும் பிடிபடும்.

கேள்வி: எஸ்டி காலத்தில் போட்ட 90 மீட்டர் ஆர்ஜி-59 கேபிள் பல வருடம் ஒழுங்காக ஓடியது. எச்டி கேமரா மாட்டியதும் படத்தில் புள்ளி புள்ளியாய் மின்னுகிறது, சில நேரம் கறுப்பாகிவிடுகிறது. கேமராவில் கோளாறா?
— கேபிள் சேனல் தொழில்நுட்பர், திண்டுக்கல்

பதில்: கேமராவைத் தொடாதீர்கள். அலைவரிசை ஏற ஏற கேபிளின் இழப்பும் ஏறும். நல்ல 75 ஓம் ஆர்ஜி-6 கேபிளில் எஸ்டி சுமார் 300 மீட்டர் போகும், எச்டி சுமார் 100, 3ஜி 70–80. மெல்லிய ஆர்ஜி-59-இல் இவை இன்னும் குறையும். உங்கள் 90 மீட்டர் சரியாக விளிம்பில் நிற்கிறது. அனலாக் படம் போல இது கொஞ்சம் கொஞ்சமாக மங்காது. கேபிள் இழப்பைச் சரிசெய்யும் ரிசீவரின் ஈக்வலைசர் ஈடுகொடுக்கும் வரை படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். அதைத் தாண்டிய சில மீட்டரிலேயே மின்னல், பிறகு கறுப்பு.

முதலில் சிக்னலை அளந்து காட்டும் வேவ்ஃபார்ம் மானிட்டரில் சிஆர்சி (தரவு சிதைந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு) பிழை எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு ஏறினாலே கேபிளில் தாங்கும் திறன் மிச்சமில்லை என்று அர்த்தம். பிழையே இல்லாத வழியிலும் வேண்டுமென்றே 10 மீட்டர் கூடுதல் கேபிளை இடையில் சேர்த்துச் சோதியுங்கள். அதற்கே விழுந்தால் நேரலைக்கு அதை நம்ப முடியாது.

இந்தச் சோதனைக்கு கலர் பார் (வண்ணப் பட்டைச் சோதனைப் படம்) போதாது. எஸ்டிஐ செக்ஃபீல்ட் என்ற கடினமான சோதனைப் படத்தை அனுப்புங்கள். அது 19 பிட்டை ஒரே நிலையில் வைத்து, ஒரே ஒரு பிட்டை எதிர்நிலையில் விட்டு ஈக்வலைசரைத் திணறடிக்கும். கலர் பாரில் தேறிய எத்தனையோ கேபிள்கள் இதில் தோற்கும்.

அடுத்து கேபிள் முனையில் உள்ள பிஎன்சி கனெக்டர். கழற்றி முகப்பைப் பாருங்கள்: நடு ஊசியைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் 50 ஓம் கனெக்டர். எஸ்டியில் அதன் பாதிப்பு தெரியாது. எச்டியில் சிக்னல் அங்கே எதிரொலித்துத் திரும்பும். டி கனெக்டர் போட்டு இரண்டு மானிட்டருக்குப் பிரிப்பது அனலாக் காலப் பழக்கம், எஸ்டிஐயில் கூடவே கூடாது. கேபிள் டையை இறுக்கி கேபிளை நசுக்குவதும், விட்டத்தின் பத்து மடங்குக்கும் குறைவான ஆரத்தில் வளைப்பதும் இதே கெடுதலைச் செய்யும்.

இவ்வளவும் சரியாக இருந்து பிழை தொடர்ந்தால் நடுவில் ரீகிளாக் செய்யும், அதாவது சிக்னலின் துடிப்பைப் புதிதாக ஒழுங்குபடுத்தி அனுப்பும் டிஏ (பகிர்வு ஆம்ப்ளிஃபையர்) ஒன்றை வையுங்கள். அல்லது இரு முனையிலும் ஃபைபர் கன்வெர்ட்டர். நாளை 3ஜிக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஃபைபரே நல்லது.

கேள்வி: ஒரு எஸ்டிஐ டிஏ வழியாக டிவிபி-ஏஎஸ்ஐ (சுருக்கிய டிஜிட்டல் டிவி சிக்னல்) அனுப்புகிறோம். நான்கு அவுட்புட்டில் இரண்டில்தான் வருகிறது.
— வாசகர், திருச்சி

பதில்: இரண்டும் 270 மெகாபிட், அதே பிஎன்சி, ஆனால் எஸ்டிஐக்கு சிக்னல் தலைகீழானாலும் கவலையில்லை, ஏஎஸ்ஐக்கு உண்டு. பல டிஏக்களில் பாதி அவுட்புட் தலைகீழாகவே வரும். வேலை செய்கிற இரண்டை மட்டும் ஏஎஸ்ஐக்கு ஒதுக்கி லேபிள் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: நான்கு 3ஜி கேபிளில் 4கே படம் அனுப்பினால் தாறுமாறாகத் தெரிகிறது.
— ஓபி வேன் உதவியாளர், சென்னை

பதில்: ஒரே ஒரு கேபிளை 1080பி ஏற்கும் மானிட்டரில் மாட்டுங்கள். படத்தின் கால் பகுதி மட்டும் வந்தால் அது சதுரப் பிரிப்பு முறை. முழுப் படமும் சிறிதாக வந்தால் 2எஸ்ஐ முறை, அதாவது படப்புள்ளிகளை இரண்டிரண்டாக நான்கு கேபிளுக்கும் பங்கிடுவது. அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே முறையில் இருக்க வேண்டும். பிறகு கேபிள் வரிசையைச் சரிபாருங்கள்.

கேள்வி: புது ஸ்டுடியோவை 2110 ஐபி முறையில் (கணினி வலையமைப்பு வழியாகப் படம் அனுப்புவது) கட்டலாமா? 10 ஜிகாபிட் ஸ்விட்ச் போதுமா?
— தயாரிப்பு நிறுவன மேலாளர், சென்னை

பதில்: ஒரே கட்டடம், சில கேமராக்கள், ஒரு கன்ட்ரோல் ரூம் என்றால் 12ஜி எஸ்டிஐயே போதும், பழுது பார்ப்பதும் சுலபம். பல ஸ்டுடியோக்கள் கருவிகளைப் பகிர வேண்டியிருந்தால் ஐபி தன் விலைக்கு வேலை செய்யும்.

2017-இல் வந்த எஸ்எம்பிடிஇ 2110 தரம் வீடியோ, ஆடியோ, துணைத் தரவு மூன்றையும் தனித்தனி ஓடையாக்கி, திரையில் தெரியும் பகுதியை மட்டும் அனுப்புகிறது. அதனால் 2160பி50 வீடியோ 8.29 ஜிகாபிட்; பேக்கெட் தலைப்புகளோடு 10 ஜிகாபிட் போர்ட்டில் ஒன்று அடங்கும். 2160பி60 படம் மட்டுமே 9.95. அடங்காது. 4கே எண்ணம் இருந்தால் 25 ஜிகாபிட் போர்ட்டாகவே வாங்குங்கள்.

அதிகம் தொல்லை தருவது நேரம். எல்லாக் கருவிகளும் பிடிபி (வலையமைப்பு வழியே நேரத்தைப் பகிரும் முறை) கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டும். எஸ்எம்பிடிஇ முறையில் இதன் டொமைன் எண் (எந்தக் கடிகாரக் குழு என்பது) 127. ஒரே ஒரு கேமரா 0-இல் இருந்தால் அது மட்டும் தனியாக நழுவும். தலைமைக் கடிகாரமான கிராண்ட்மாஸ்டருக்கு முன்னுரிமை எண்ணை 128-க்குக் கீழே வைத்து, மற்ற எல்லாவற்றையும் பின்தொடர்பவையாக மட்டும் அமையுங்கள். இல்லையேல் புதிதாக மாட்டிய கருவி ஒன்று கடிகாரத் தலைமையைப் பிடித்துக்கொண்டு எல்லாப் படத்தையும் ஒரு கணம் உலுக்கிவிடும்.

படம் வந்து நாலரை நிமிடத்துக்குள் உறைந்துபோகிறதா? ஸ்விட்ச்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (கேட்ட போர்ட்டுக்கு மட்டும் ஓடையை அனுப்பும் வசதி) இருக்கிறது, ஓடை இன்னும் யாருக்கு வேண்டும் என்று அவ்வப்போது கேட்கும் க்வெரியர் இல்லை. வழக்கமான அமைப்பில் 260 நொடியில் மல்டிகாஸ்ட் (ஒரே ஓடையைப் பல கருவிகள் பெறுவது) பதிவு காலாவதியாகும். வலையமைப்பில் க்வெரியர் ஒன்றை இயக்குங்கள்.

எஸ்எம்பிடிஇ 2022-7 என்ற காப்பு முறையில் ஒரே ஓடை சிவப்பு, நீலம் என இரு வலையமைப்பில் போகும். ஒன்று அறுந்தாலும் படம் துடிக்காது. துடிக்காததால்தான் ஒரு வழி வாரக்கணக்கில் செத்துக் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு வழிக்கும் தனி அலாரம் வையுங்கள். நேரலைக்கு முன் சிவப்பை மட்டும் கழற்றிப் பாருங்கள். மாட்டி, இரண்டும் சீரானதும் நீலத்தைக் கழற்றுங்கள். இரண்டு ஸ்விட்ச்சும் ஒரே யுபிஎஸ்ஸில் ஓடவில்லை என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.