கேள்வி-பதில்: இடுப்பு வலிக்கு எதை வாங்கலாம்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முதுகையும் இடுப்பையும் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

ரப்பர் பால் வெட்டுகிறேன். இப்போது வெட்டு மரத்தின் அடிப்பக்கம் என்பதால் குனிந்தே நிற்கிறேன். மருந்துக் கடையில் இடுப்பு பெல்ட் 900 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா? – குலசேகரம்

வலி பிடித்த நாளில் வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் கொஞ்ச நேரம் கட்டிக்கொள்ளலாம். வலி வராமல் தடுக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். பெல்ட் அதைச் செய்வதில்லை. காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். குனிந்த நிலையில் உடம்பைத் திருப்பித் திருப்பி வெட்டும்போது இடுப்புத் தசையும் தசைநாரும் களைத்து இறுகிப்போகும். பெரும்பாலான இடுப்பு வலி இந்த வகைதான், சில வாரங்களில் தணிந்துவிடும். அடிப்பட்டையை ஒரு முழங்காலை ஊன்றி வெட்டிப் பாருங்கள். பாலை ஒரே பெரிய வாளியில் தூக்காமல் இரண்டு கைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். வலிக்கிறதே என்று நாள் முழுக்கப் படுத்துவிட வேண்டாம், படுக்கை வலியை நீட்டிக்கும்.

ஆஃபரில் கிடைத்தது என்று முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தேன். டாக்டர் எழுதித் தரவில்லை. 'டிஸ்க் பல்ஜ்' என்று வந்திருக்கிறது. என்ன வாங்கிச் சாப்பிடலாம்? வயது 45. – நாகர்கோவில்

டாக்டர் கேட்காத ஸ்கேனை ஆஃபர் என்பதற்காக எடுப்பார்களா? டிஸ்க் பல்ஜ் என்றால், முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு கொஞ்சம் வெளியே புடைத்திருப்பது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் இதே பல்ஜ் இருந்தது. காசு கொடுத்து ஒரு பயத்தை வாங்கியிருக்கிறீர்கள். டிஸ்க் நரம்பை அழுத்தினால் வலி பின்தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே இறங்கும், கால் மரத்துப்போகும். அப்படி இருந்தால் எலும்பு மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். பல்ஜைக் கரைக்கும் மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை.

வலிக்கும்போது பேரனை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வேன், சுகமாக இருக்கும். அவன் ஹாஸ்டலுக்குப் போகிறான். மசாஜ் மெஷின் வாங்கலாமா? வயது 71. – கொல்லங்கோடு

மிதியும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். எலும்பு வலுவிழந்திருந்தால் முள்ளெலும்பு நசுங்கிவிடலாம்.

கல்யாண மண்டபத்தில் இலவச மசாஜ் முகாம் நடத்தினார்கள். அம்மா தினமும் போனார். அப்புறம் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, தண்டுவடம் தேய்ந்துவிட்டது என்று பயமுறுத்தி, காந்த மெத்தை ஒன்றை 62,000 ரூபாய்க்குத் தலையில் கட்டிவிட்டார்கள். வளையலை அடகு வைத்துக் கொடுத்திருக்கிறார். வலி குறையவில்லை. – தக்கலை

முதலில், அம்மாவைத் திட்டாதீர்கள். வலியோடு இருக்கிறவரை 'அம்மா, அம்மா' என்று கூப்பிட்டு, டீ கொடுத்து உட்கார வைத்து விற்பவர்கள் முன்னால் படித்தவர்களும் விழுகிறார்கள்.

ரசீது, விளம்பரத் தாள், பணம் அனுப்பிய விவரம், அவர்கள் பேசிய எண்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளின்படி, முன்கூட்டியே சம்மதம் வாங்காமலும் அடையாள அட்டை இல்லாமலும் வீட்டுக்கு வந்து விற்கக் கூடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். சரிவராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

காந்தம் இடுப்பு வலியைப் போக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. காந்தம் இல்லாத மெத்தையிலும் ஏமாற்று உண்டு. 'ஆர்த்தோ' என்று உறையில் அச்சடித்ததும் விலை ஏறுகிறது. எந்த டாக்டர் பார்த்தார், எதைச் சோதித்தார் என்று கேட்டால் கடைக்காரர் ஃபேனைப் பார்ப்பார். 'கல் மாதிரி இருந்தால்தான் முதுகுக்கு நல்லது' என்பது அடுத்த கதை. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரிடம் நடந்த ஆய்வு 2003இல் வெளியானது. கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்தது. அந்தக் கல் மெத்தை ஒன்று என் வீட்டிலும் கிடக்கிறது. இடுப்பு வலிக்குத் துணையாகத் தோள் வலியும் வந்ததுதான் லாபம். இப்போது அதன் மேல் வற்றல் காய்கிறது. மெத்தை வாங்குகிறவர்கள் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருக்களித்துப் பத்து நிமிஷம் படுத்துப் பாருங்கள். வெட்கப்பட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

சந்தையில் ஒருவரிடம் மூட்டு, முதுகு வலிக்குப் பொடி வாங்கினேன். பொட்டலத்தில் பெயர்கூட இல்லை, ஆனால் மூன்றே நாளில் வலி போய்விட்டது! மொத்தமாக வாங்கி வைக்கலாமா? – மார்த்தாண்டம்

மூன்றே நாளில் போனதுதான் எனக்குப் பயம். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல தடவை பிடிபட்டிருக்கிறது. வலியை அமுக்கிவிட்டு, சர்க்கரையை ஏற்றி, எலும்பை அரிக்கும். பல வாரமாகச் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். நாட்டு மருந்துதான் வேண்டுமென்றால் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. உற்பத்தி உரிம எண்ணும் காலாவதி தேதியும் இல்லாததை வாயில் போடுவானேன்?

கணவருக்கு இடுப்பு வலி. நேற்றிலிருந்து தொடையின் உள்பக்கமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துவிட்டன, சிறுநீர் சரியாகப் போகவில்லை. எந்த எண்ணெய் நல்லது? – குளச்சல்

எண்ணெய் இல்லை, அவசரப் பிரிவு. கடிதம் வந்தவுடனேயே போனில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் தெரியட்டும்: இந்த மரப்பு, சிறுநீர் அடைப்பு, காலில் பலம் குறைதல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. முதுகு வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், விழுந்து அடிபட்டது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டிலிருந்தே வேலை. முதுகு வலிக்காக ஆன்லைனில் 14,000 ரூபாய் நாற்காலி வாங்கினேன். உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. திருப்பி அனுப்பும் தேதி முடிந்துவிட்டது. – ஆரல்வாய்மொழி

அளவு பார்க்காமல் வாங்கி, தேதி முடியும்வரை சும்மா இருந்துவிட்டு என்னிடம் வருகிறீர்கள். காலடியில் ஒரு பலகையைப் போடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.