பத்தாவது மட்டும் படித்தவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆக முடியுமா? லைசென்ஸ் எடுப்பது எப்படி?

முடியும். கேட்டவர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் இருப்பதாகவும், பத்தாவது முடித்து வீட்டில் இருப்பதாகவும், லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்பதாகவும் எழுதியிருக்கிறார். நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். திங்கள்சந்தையில் இருந்துகொண்டு பதினோரு வருடமாக ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டாக வேலை பார்க்கிறேன். அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள் தங்கச்சி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

லைசென்ஸ் என்று நாம் இன்னும் பழக்கத்தில் சொல்கிறோம். ஆனால் 2015-ல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்திய பிறகு, ஏஜெண்டுகளுக்கு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நேரடியாக உரிமம் கொடுப்பதில்லை. நீங்கள் சேர்கிற கம்பெனிதான் நியமனக் கடிதமும் அடையாள அட்டையும் தரும். நடுவில் நின்று வாங்கித் தர யாருக்கும் அங்கே வேலை கிடையாது. தேர்வுக் கட்டணம் என்று ஒன்று உண்டு, அதை ரசீதோடு கட்டுங்கள், போதும்.

18 வயது ஆகியிருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். மார்க் ஷீட், ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக், போட்டோ எடுத்துக்கொண்டு நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள கிளைக்குப் போங்கள். எல்.ஐ.சி. என்றால் ஏஜெண்டுகளைச் சேர்க்கிற டெவலப்மெண்ட் ஆபீசரைப் பார்க்க வேண்டும், தனியார் கம்பெனி என்றால் ஏஜென்சி மேனேஜர் மாதிரி ஒருவர் இருப்பார். பான் கார்டு இல்லாமல் எதுவும் நகராது. ஒருவர் ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்குத்தான் ஏஜெண்டாக இருக்கலாம். அதோடு ஒரு பொதுக் காப்பீட்டுக் கம்பெனி, ஒரு ஹெல்த் கம்பெனி சேர்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வேறு எங்காவது சேர்ந்திருக்கிறீர்களா என்பதை பான் எண்ணை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

சேர்ந்ததும் கம்பெனியே பயிற்சி தரும். அது முடிந்ததும் ஐ.சி. 38 என்ற தேர்வு. கம்ப்யூட்டரில் 50 கேள்வி, ஒரு மணி நேரம். 35 சதவீதம் எடுத்தால் பாஸ், அதாவது 18 விடை சரியாக இருந்தால் போதும். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், தமிழிலேயே எழுதலாம். அந்தத் தேர்வுக்கான புத்தகத்தை இரண்டு தடவை நிதானமாகப் படித்தால் தேறிவிடுவீர்கள். இதற்குப் பயப்பட வேண்டாம்.

யாரிடம் சேர்வது என்பதில்தான் கவனம் வேண்டும். அந்த ஆபீசரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மூன்று வருடம் முன்னால் உங்களிடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்?" நிறையப் பேர் சேர்ந்து, சொந்தக்காரர்களிடம் பத்துப் பாலிசி போட்டு, அத்தோடு நின்றுவிடுகிறார்கள். டார்கெட் முடிக்க முதல் தவணையை நீயே கட்டு, கமிஷனில் பாதியை பாலிசி எடுக்கிறவருக்குக் கொடு என்று சொல்லிக் கொடுப்பவரிடம் சேரவே சேராதீர்கள். கமிஷனைத் திருப்பிக் கொடுப்பது காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி குற்றம், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

அடுத்து ப்ரபோசல் ஃபாரம், அதாவது பாலிசி கேட்டு எழுதிக் கொடுக்கிற விண்ணப்பம். இதை எனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை. நான் சேர்ந்த இரண்டாவது வருடம், எங்கள் தெருவில் நான் மாமா என்று கூப்பிடுகிற ஒருவருக்குப் பாலிசி போட்டேன். சர்க்கரை உண்டா என்ற இடம் வந்ததும், "எப்பவாவது ஒரு மாத்திரை போடுவேன், அதை எழுதினா டெஸ்டுக்கு அலைய விடுவாங்க, விடு மக்களே" என்றார். எனக்குத் தெரிந்த ஒரு பழைய ஏஜெண்டும் இதெல்லாம் எழுத வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். நானும் இல்லை என்று எழுதினேன். இருபது மாதத்தில் மாமா நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டில் சர்க்கரைக்குப் பல வருடமாக மருந்து எடுத்தது இருந்தது. பாலிசி போட்டு மூன்று வருடத்துக்குள் இறந்தால், உண்மையை மறைத்தார்களா என்று கம்பெனி தோண்டிப் பார்க்கலாம். 45-வது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. கிளைம் மறுக்கப்பட்டது. கட்டின பிரீமியம் மட்டும் திரும்ப வந்தது.

அத்தை என்னைத் திட்டவில்லை. "நீயாவது எழுதியிருக்கலாமே மக்களே" என்று ஒரு தடவை கேட்டார். எழுதியிருந்தால் கூடுதல் பிரீமியம் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் பாலிசியே தர மாட்டோம் என்றிருப்பார்கள். எதுவானாலும் அத்தை இல்லாத பணத்தை நம்பி இருந்திருக்க மாட்டார். அன்றிலிருந்து நான் ஃபாரத்தைக் கேள்வி கேள்வியாக வாய்விட்டு வாசித்து, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி, எழுதினதைத் திரும்ப வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்குகிறேன். ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். அப்படிக் கேட்டதில் சில பாலிசிகள் போடாமலே போயிருக்கின்றன, அதற்காக நான் வருத்தப்படவில்லை.

நம் மாவட்டத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும், எந்த மாதம் வீட்டில் காசு இருக்கும் என்பது. ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு மழைக்காலத்தில் வேலை இருக்காது, இலை உதிர்கிற மாதங்களிலும் பால் குறைவு. விசைப்படகில் போகிறவர்களுக்கு சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த மாதத்தில் பிரீமியம் வருகிற மாதிரி பாலிசி போட்டால், தவணை கட்ட முடியாமல் அது லேப்ஸ் ஆவது நிச்சயம். வருடத் தவணை, அரையாண்டு, காலாண்டுத் தவணைகளுக்கு, தேதி தாண்டினாலும் கட்ட 30 நாள் சலுகை உண்டு, மாதத் தவணைக்கு 15 நாள்தான். என்னிடம் இருக்கிற கடற்கரை வீடுகளுக்கு எல்லாம் தேதியை மாற்றித்தான் போட்டிருக்கிறேன். முதல் வருடக் கமிஷனைப் பார்க்காமல் பத்தாவது வருடமும் அந்தப் பாலிசி ஓடுமா என்று பாருங்கள். பின்னால் வருகிற கமிஷன் சின்னதுதான், ஆனால் வருடா வருடம் வரும். என் மகளின் காலேஜ் ஃபீஸ் அதில்தான் கட்டினேன்.

கடலுக்குப் போகிறவர்களுக்குப் பாலிசி போட்டால் ஒன்றை அந்த வீட்டுப் பெண்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் போனவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கருத, பொதுவாக ஏழு வருடம் தகவலே இல்லாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். கோர்ட்டில் உத்தரவு வாங்குகிற வரைக்கும் பிரீமியத்தை விடாமல் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆளே இல்லை, இனி எதற்குக் கட்ட வேண்டும் என்று நிறுத்திவிட்டால் பாலிசி போய்விடும். அப்போது அந்த வீட்டுக்குப் போய் அதை எடுத்துச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

நான் ஒவ்வொரு வீட்டிலும் பாலிசி எண், கிளை, தவணை மாதம், நாமினி பெயர் எல்லாவற்றையும் அந்த வீட்டுக்காரி கையாலேயே ஒரு நோட்டில் எழுத வைக்கிறேன். பத்திரம் வீட்டுக்காரர் பெட்டியில் எங்கேயோ இருக்கும், நோட்டு சமையலறையில் இருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை போகும்போது அந்த நோட்டை எடுத்து வரச் சொல்வேன்.