தென்னையும் மழையும் இங்கேயே இருக்க, கேரளா எதற்கு?

போன இதழில், ஆண்டிறுதி விடுமுறைக்கு மலேசியாவிலிருந்து கேரளக் கடற்கரைப் பக்கம் போய் வாருங்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை.

கே: வீட்டுக்குப் பின்னால் தென்னை, முன்னால் செம்பனை, சாயங்காலமானால் மழை. கடல் வேண்டுமென்றால் லுமுட்டுக்குப் போய்விடலாம். இதையே பார்க்க ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) செலவழிக்கச் சொல்கிறீர்களே, நியாயமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

ப: நியாயமான கேள்விதான். நானும் இதே ஊர்தான், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அங்கே தென்னையும் மழையும் ரப்பரும் இருக்கிறது என்பதற்காகத்தான் போகச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அம்மா முப்பது வருஷம் தோட்டத்தில் பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். ஆலப்புழையிலிருந்து கோட்டயம் போகிற வழியில் ஒரு வீட்டு வாசலில், துணி காயப்போடுகிற கொடியில் வேட்டியைப் போட்ட மாதிரி ரப்பர் ஷீட்டுகள் தொங்கின. வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் முதலில் மோந்து பார்த்தார். பக்கத்து மரத்தில் பால் பிடிக்கிற மங்கு இல்லை, தேங்காய்ச் சிரட்டையைக் கட்டியிருந்தார்கள். வெட்டுக் கோட்டில் விரலை ஓட்டிவிட்டு, "ஆழமா போயிருக்கு, மரம் காயப்பட்டுருச்சு" என்றார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "நான்தான் வெட்டினேன், என் மரம்தான்" என்றார். கேரளத்து ரப்பரில் பெரும்பகுதி இப்படிச் சின்னத் தோட்டக்காரர்களுடையது. அம்மாவால் அதைத்தான் நம்ப முடியவில்லை. விடிகாலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), தண்டல் (மேஸ்திரி), கிராணி (கணக்கர்) எதுவும் இல்லாமல் ஒருவர் தன் மரத்தைத் தானே வெட்டுகிறார். வண்டி கிளம்பிய பிறகும் "சொந்த மரமாடா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆலப்புழைப் பக்கத்துக் குட்டநாடும் அப்படித்தான். செகிஞ்சான் வயலைப் பார்த்த கண்ணுக்கு நெல் புதுசு இல்லை. ஆனால் படகில் உட்கார்ந்துகொண்டு வயலைக் குனிந்து பார்க்கிற அனுபவம் இங்கே கிடைக்காது, ஏனென்றால் அங்கே பல வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. காயலில் (உப்பங்கழியில்) வரப்பு கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றிவிட்டு, அந்தத் தரையில் நடுகிறார்கள். நம் படகு மேலே போகும், நாற்று கீழே நிற்கும்.

அப்புறம் கொச்சிக் கோட்டை, அதாவது ஃபோர்ட் கொச்சி என்கிற பழைய பகுதி. மலாக்காவுக்குப் போய் சிவப்புக் கட்டடத்து வாசலில் படம் எடுத்துக்கொள்ளாத தமிழன் இந்த நாட்டில் உண்டா? வெள்ளைக்காரர்கள் வந்த அந்தக் கதையின் முன்பாதி கொச்சியில் இருக்கிறது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கியின் கப்பல்கள் வந்தது அந்த வழியாகத்தான். டச்சுக்காரன் மலாக்காவை எடுத்தது 1641, கொச்சியை எடுத்தது 1663. ஆங்கிலேயன் 1795இல் இரண்டையும் எடுத்துக்கொண்டான். வாஸ்கோ ட காமாவை 1524இல் புதைத்த தேவாலயமும் அங்கே இருக்கிறது. எலும்பைப் பிறகு போர்த்துகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல்லறை இருந்த இடம் மட்டும் மிச்சம்.

அங்கிருந்து பத்து நிமிஷம் நடந்தால் சீன வலைகள். மரச்சட்டத்தில் கட்டிய பெரிய வலையை நாலைந்து பேர் கயிறு பிடித்து இழுக்க, மறுபக்கம் வரிசையாகத் தொங்கும் கருங்கற்கள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கும், வலை மேலே வரும். நான் பார்த்தபோது சிக்கியது ஒரு கை அளவு பொடிமீனும் ஒரு பிளாஸ்டிக் பையும். இழுத்தவர் பையை மட்டும் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு மறுபடி இறக்கினார். கயிறு பிடிக்க நம்மையும் கூப்பிடுவார்கள், பிறகு காசு கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள், அந்தக் கயிற்றின் கனம் தெரிவதற்கே கொடுக்கலாம்.

கொடுங்கல்லூரை விட்டுவிடாதீர்கள். சேரனின் முசிறி இருந்தது அந்தப் பக்கம்தான். யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியது என்று அகநானூறு சொல்கிறதே, அந்த முசிறி. பட்டணம் என்கிற சிற்றூரில் 2007 முதல் தோண்டியபோது ரோமானியச் சாடித் துண்டுகள் வந்தன, முசிறி இதுதான் என்று பலர் சொல்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்ததை நேரில் மிதித்துவிட்டு வரலாம்.

கே: சாப்பாடு நமக்கு ஒத்துக்கொள்ளுமா? அப்பாவுக்கு மலேசியக் கறி இல்லாவிட்டால் இறங்காது. (வாசகர், கோலகங்சார்)

ப: ஒத்துக்கொள்ளும். மீன்கறிக்குப் புளிப்புக்குப் போடுகிற நம் ஆசாம் கெப்பிங்கும் அவர்களுடைய குடம்புளியும் ஒரே குடும்பத்து மரங்கள், அதனால் மீன்கறியின் புளிப்பு அப்பாவுக்கு முதல் வாயிலேயே பிடிபட்டுவிடும். புட்டுக்குச் சீனி கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், கடலைக்கறியோ வாழைப்பழமோதான் அவர்கள் வழக்கம்.

ஒரு எச்சரிக்கை. சாப்பாட்டுக் கடையில் "வெள்ளம் வேணோ?" என்று கேட்டால் பயப்படாதீர்கள், தண்ணீரைத்தான் சொல்கிறார்கள். அது இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக வரும். பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். அம்மா சிரப் என்று நினைத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சீனி போட மறந்துட்டாங்க" என்றார்.

கே: தாத்தா இருந்தவரை மலையாளிக் கிராணிகளை ஏசாத நாள் இல்லை. அவர்கள் ஊருக்கா போகச் சொல்கிறீர்கள்? (வாசகர், பீடோர்)

ப: தாத்தா ஏசியதில் காரணம் இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆங்கிலம் படித்தவர்களைக் கணக்கெழுத வைத்தது வெள்ளைக்காரத் துரை, கணக்கில் குறைந்தது நம் சம்பளம். ஆனால் அந்தக் கிராணியின் ஊரிலும் கூலிக்கு உழைத்தவர்கள்தான் அதிகம்.

முடிந்தால் வடக்கே கண்ணூர் வரை போய் தெய்யம் என்கிற சாமியாட்டம் ஒன்று பாருங்கள். மழை போன பிறகு, ஏறக்குறைய நவம்பரிலிருந்து மே வரை நடக்கும். முகத்துக்கு வண்ணம் எழுதவே மணிக்கணக்காகும். தீண்டக்கூடாது என்று ஒதுக்கிவைத்திருந்த சாதிகளைச் சேர்ந்தவர்தான் பெரும்பாலும் ஆடுவார், அன்றைக்கு அவர் சாமி, ஊர்ப் பெரிய மனிதரெல்லாம் அவர் முன்னால் கைகட்டி நின்று குறைகளைச் சொல்வார்கள். தோட்டத்து முனியாண்டி கோயிலில் சாமி வந்து ஆடிய தாத்தாக்களைப் பார்த்த உங்களுக்கு யாரும் விளக்கவே வேண்டாம்.

கே: படகு வீடு எடுக்கலாமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

ப: ஒரு ராத்திரி போதும். நான் எடுத்த படகு வீடு சாயங்காலம் ஐந்தரைக்கே கரையில் கட்டப்பட்டுவிட்டது. இருட்டினால் மீனவர்கள் வலை விரிப்பார்களாம், அது சரி. ஆனால் ஏர்கான் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வரும் என்பதைப் பணம் கட்டிய பிறகு சொன்னார்கள். நீங்கள் முன்கூட்டியே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காசு மிச்சம் வேண்டுமென்றால் ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு அரசாங்கப் படகு இருக்கிறது, சுமார் இரண்டரை மணி நேரம், கட்டணம் சொற்பம், பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடையும் கூடவே வரும். முட்டி வலி உள்ளவர்களை நடுவில் உட்காரவையுங்கள், படித்துறையில் ஏறி இறங்கும்போது படகுக்காரரே கையைப் பிடித்துக்கொள்வார்.