ஆகாயக் கப்பல் கட்டியவர்கள் முட்டாள்களா?

கேள்வி: 1937-இல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து விழும் படத்தைப் பார்த்தேன். காற்றில் மிதப்பதற்காகத் தீப்பற்றும் ஹைட்ரஜனை நிரப்பி, ஆட்களையும் ஏற்றிப் பறந்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அப்படிச் சொல்லவே கூடாது. அரை நிமிடத்துப் படத்தைப் பார்த்துவிட்டு முப்பது ஆண்டு உழைப்புக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

உலகின் முதல் விமானப் பயண நிறுவனமான டெலாக், ஜெர்மனியில் 1909-இல் தொடங்கியது. முதல் உலகப் போர் மூளும்வரை அதன் ஆகாயக் கப்பல்களில் ஏறியவர்கள் சுமார் 34,000 பேர். கப்பல்கள் சில நாசமாயின. பயணி ஒருவர்கூடச் சாகவில்லை. 1929-இல் உலகைச் சுற்றிவந்த கிராஃப் செப்பலின் என்ற ஜெர்மன் கப்பலும் ஹைட்ரஜனில் மிதந்ததுதான். 590 முறை பறந்தும் ஒரு பயணிக்கும் காயமில்லை.

அது அதிர்ஷ்டத்தால் நடந்ததல்ல. 1928 அக்டோபரில் அந்தக் கப்பல் முதன்முறை அட்லாண்டிக்கைக் கடந்தபோது, புயலில் வால் துடுப்பின் துணி கிழிந்தது. கேப்டன் ஹூகோ எக்கனர் வேகத்தைக் குறைத்தார். சிலர் கடலுக்கு மேலே அந்தரத்தில் துடுப்புக்குள் இறங்கி, கிழிசலைக் கட்டினார்கள். அவர்களில் ஒருவர் எக்கனரின் சொந்த மகன். மழையில் கனத்த கப்பல் கடலை நோக்கித் தாழ்ந்தது. ஆட்கள் வெளியே இருப்பது தெரிந்தும் எஞ்சினை முடுக்கச் சொல்ல வேண்டிய நிலை தந்தைக்கு. எல்லோரும் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள்.

ஹிண்டன்பர்க், தீப்பற்றாத ஹீலியம் வாயுவுக்காகவே வடிவமைக்கப்பட்டது. ஹீலியம் அமெரிக்காவின் கையில் இருந்தது. ஏற்றுமதிக்கு அவர்கள் சட்டம் அனுமதிக்கவில்லை. அதனால்தான் ஹைட்ரஜன். சரி, ஹீலியம் இருந்தால் ஆபத்தே இல்லையா? அமெரிக்கக் கடற்படையின் ஏக்ரான் என்ற ஆகாயக் கப்பல் ஹீலியத்தில்தான் பறந்தது. 1933-இல் புயலில் கடலில் விழுந்து 73 பேரைப் பலிகொண்டது.

முட்டாள்தனத்தைத்தான் தேடுகிறீர்கள் என்றால் இங்கிலாந்தின் ஆர்-101 கப்பலைப் பாருங்கள். நம் பக்கம் வரவிருந்த கப்பல் அது. அதற்காகவே அன்று இந்தியாவில் இருந்த கராச்சியில் பிரம்மாண்டமான கொட்டகை கட்டிக் காத்திருந்தார்கள். கப்பலோ எடை கூடிப்போய், மிதக்கும் திறன் போதாமல் தவித்தது. நடுவில் வெட்டி, இன்னொரு வாயுப்பைக்கு இடம் விட்டு நீட்டினார்கள். நீட்டியபின் ஒரே ஒரு சோதனைப் பறப்பு. முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கவே இல்லை. விமானத்துறை அமைச்சர் லார்டு தாம்சனுக்கோ, இந்தியா போய்விட்டு லண்டனில் நடக்கவிருந்த பிரிட்டிஷ் பேரரசு மாநாட்டுக்குள் திரும்பிவிட வேண்டும். கப்பல் பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழ் புறப்படும் தறுவாயில்தான் கைக்கு வந்தது. 1930 அக்டோபர் 4 மாலை, மோசமான வானிலையில் கிளம்பினார்கள். விடிவதற்குள் பிரான்சின் போவே நகருக்கு அருகே தரையில் மோதி எரிந்தது. 54 பேரில் 48 பேர் மாண்டார்கள், தாம்சன் உட்பட.

அந்த அவசரத்தை முட்டாள்தனம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். எக்கனரையும் அவருடைய ஆட்களையும் அதில் சேர்க்காதீர்கள்.